முன்கதை சொல்லாமல் கட்டில் தராதவர்

அந்த அக்காவின் கையிலிருந்து ஒரு வாழைப்பழம் வாங்கினாலும், அதன் கதையைக் கேட்டு முடித்த பிறகுதான் உரிக்க முடியும். புக்கிட் ரோத்தானில் சித்தப்பா வீட்டு மரம், தாரை வெட்டிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தது, ஓரத்தில் கறுப்பாக இருப்பது அழுகல் இல்லை, காடியில் ஏற்றி வரும்போது பெட்டி இடித்தது என்று வரிசையாக வரும். தேநீர் கொடுத்தால் பால் நேற்று வாங்கியது, மோந்து பார்த்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது என்பார். அதைக் கேட்ட பிறகு யாருக்குக் குடிக்க மனம் வரும்? நான் குடித்திருக்கிறேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்து, முதல் மிடறு உள்ளே போகிற வரைக்கும் நம் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். வேறு வழியில்லை.

ஒருமுறை எங்கள் கோயிலில், அதாவது மாதா கோயிலில், பழைய பட்டுப்புடவைகளைச் சேர்த்து விற்பனைக்கு வைத்தார்கள். கூரை ஒழுகியது, அதைச் சரிசெய்யத்தான் அந்த ஏற்பாடு. எல்லா மேசையிலும் கூட்டம். அக்கா நின்ற மேசையில் மட்டும் ஆளில்லை. என்னவென்று போய்ப் பார்த்தால், ஒரு பச்சைப் பட்டை ஆசையாகத் தூக்கிப் பார்த்த பெண்ணிடம், அதைக் கொடுத்தவரின் மகளுக்கு அந்தப் புடவையில்தான் நிச்சயம் நடந்ததாகவும் பிறகு கல்யாணம் நின்றுபோனதாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் புடவையைத் தொட்ட கையைக்கூடத் துடைத்துக்கொண்டு போனாள். ஃபாதர் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்காவைத் தண்ணீர்ப் பந்தலுக்கு மாற்றினார். அங்கே போய் சர்பத்து பாகு போன பெருநாளின் மிச்சம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவரிடம் பொய் இல்லை என்பார்கள். எனக்கென்னவோ அதைவிட விநோதமான ஏதோ ஒன்று அவரிடம் இருந்ததாகத்தான் தோன்றும். பொய் சொல்லாதவர்கள் கேட்டால்தான் சொல்வார்கள். இவர் கேட்காமலேயே சொன்னார். ஒரு பொருள் கைமாறும்போது அதன் முன்கதையும் சேர்ந்து போகவில்லையென்றால் பாதிதான் கொடுத்த மாதிரி தவித்துப்போவார்.

என் தொழிலோ இதற்கு நேர் எதிரானது. நான் அகப்பக்கம் செய்கிறவள். கோல சிலாங்கூரிலும் தஞ்சோங் காராங்கிலும் கேக் செய்கிறவர்கள், மணமேடை அலங்கரிக்கிறவர்கள், மின்மினிப் பூச்சி பார்க்கப் படகு விடுகிறவர்கள் எல்லாரையும் இணையத்தில் கொஞ்சம் தூக்கிக் காட்டுவேன். பூசினால்தான் மினுங்கும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஃபாதர் என்னிடம் இந்த அக்காவை அனுப்பி, "ஒரு தர்ம காரியம்மா, நல்லபடியா பண்ணிக் குடு" என்றபோது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அக்காவை அப்போது எனக்குத் தெரியாது.

அவர் செய்த தர்மம் கட்டில் இரவல் கொடுப்பது. மருத்துவமனையில் இருக்குமே, கால்மாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு மேலே எழும்புகிற இரும்புக் கட்டில், அதுதான். கூடவே காற்று மெத்தை, சக்கர நாற்காலி. வாடகை கிடையாது. வேலை முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும். வேலை முடிவதென்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். சிலர் எழுந்து நடந்திருப்பார்கள். பலர் நடந்திருக்கமாட்டார்கள். ஸ்ட்ரோக் வந்த ஆளைச் சில நாளில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிடுவார்கள். தோட்டத்துச் சனங்கள் கூடத்தில் ஒரு மெத்தையைப் போட்டுக் கிடத்துவார்கள். தரையில் கிடக்கிற கனத்த உடம்பைப் புரட்ட ஒரு மனைவியால் முடியுமா? முதுகு புண்ணாகும். புண் ஆழமாகும். நோயில் தப்பியவர் அந்தப் புண்ணில் போய்விடுவார்.

கட்டில்கள் பாசிர் பெனம்பாங்கில் இருந்தன. ஒரு சீனத் தவுக்கே, மீன் வியாபாரி, தன் கருவாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையை அக்காவுக்கு விட்டிருந்தார். முதல்நாள் என்னை அங்கே கூட்டிப்போனார். மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். கட்டில்களின் காலில் சிவப்பு நகப்பூச்சால் எண் எழுதியிருந்தது. பெயிண்டு வாங்கவில்லையா என்றதற்கு, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பூச்சு மிச்சம் இருந்தது என்றார். பிறகு ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் நின்று சொல்லத் தொடங்கினார். இது ஈஜோக்கில் ஒரு வாத்தியார் படுத்திருந்தது. அவர் போன பிறகு பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு அம்மா. அந்த அம்மாவுக்கு டிவி நாடகம் இல்லாமல் சோறு இறங்காது. இந்தக் கட்டிலில் இருந்தவர் எழுந்து நடந்து, இப்போது தஞ்சோங் காராங் சந்தையில் இடியப்பம் விற்கிறார். இந்தக் கம்பி வளைந்திருப்பது அவர் கோபத்தில் உதைத்தது.

நான் மூக்கிலிருந்து எப்போது கையை எடுத்தேன் என்று தெரியாது. வெளியே வரும்போது மதியம் தாண்டியிருந்தது. ஆட்களை விசாரிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அந்த நாடகம் பார்த்த அம்மா எந்த நாடகம் பார்த்தார் என்று வழியில் நானே கேட்டேன். அக்காவுக்கு அதுவும் தெரிந்திருந்தது.

அகப்பக்க வேலை ஆரம்பித்ததும் தகராறும் ஆரம்பித்தது. முகப்பில் ஒரு படம் வேண்டும் என்பது என் கட்சி. இணையத்திலிருந்து ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தேன். வெள்ளைப் படுக்கை, சிரித்த முகமாக ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, அவர் கையைப் பிடித்தபடி ஒரு தாதி. அக்கா வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"யாரும்மா இவரு?"

"தெரியாதுக்கா. படம்தானே."

"எந்த ஊர்க்காரரு? இப்ப எப்படி இருக்காரு?"

"அக்கா, அவரு நோயாளியே இல்ல. நடிக்கிறவரு."

"நோயே இல்லாத ஆளுக்கு நம்ம எதுக்கு லா கட்டில் குடுக்கிறோம்?"

படத்தை எடுத்தேன். கொட்டகையில் நின்ற கட்டில்களையே படம் பிடித்துப் போட்டேன். பின்னணியில் கருவாடு தொங்கியது. வெட்டி எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம், கட்டிலில் வாடை அடிக்கும், முன்னமே தெரிந்திருப்பது நல்லது என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

மற்றபடி நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். தோட்டப்பக்கம் இணைய லைன் மெதுவாகத்தான் வரும், அதனால் பக்கம் கனமாக இருக்கக்கூடாது. படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும், அதனால் முதலில் கண்ணில் படுவது இரண்டே பொத்தான்கள்: கட்டில் வேண்டும், கட்டில் தருகிறேன். எதை அழுத்தினாலும் நேராக அக்காவின் வாட்சப்புக்குப் போகும். பேர், ஊர் என்று பாரம் நிரப்பச் சொன்னால் நம்மாட்கள் ஓடிவிடுவார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும். இதெல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்று மட்டும் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பக்கம். அது யார் யார் வீட்டில் இருந்தது, என்ன ஆனது என்று எழுத வேண்டும்.

எனக்கும் அந்த யோசனை பிடித்தது, அதை மறைப்பானேன்? கட்டில் தருகிறவர்களுக்கு, தான் கொடுத்தது எங்கே போனது, யாருக்குப் பயன்பட்டது என்று பார்க்க ஆசை இருக்கும். பெயர் போடாமல், ஊரை மட்டும் போட்டு, அந்தந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு எழுதினோம். நான் "பயன்படுத்தினார்", "கட்டில் திரும்பி வந்தது" என்று மெழுகி எழுதினேன். அக்கா ஒவ்வொன்றையும் அடித்து "இறந்தார்" என்று எழுதச் சொன்னார். திரும்பி வந்தது என்றால் எப்படித் திரும்பி வந்தது என்று படிக்கிறவன் கேட்கமாட்டானா என்றார்.

பக்கம் வெளியானது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போனது. கோலாலம்பூரிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். இப்படி ஒளிவுமறைவில்லாத அகப்பக்கத்தைப் பார்த்ததில்லை என்று ஒரு கம்பெனிக்காரர் புதிய கட்டில்களே அனுப்பிவைத்தார். கொட்டகையில் இடமில்லை. தவுக்கே முணுமுணுத்தார். நான் தோளை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பிறகுதான் கவனித்தேன். கட்டில் வருகிறது. போகவில்லை.

கேட்பவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். யார் வந்து பார்க்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எங்கே வெளியேறுகிறார்கள் என்று எனக்குத் திரையில் தெரியும். கட்டில் தேடித்தான் வந்தார்கள். ஒரு கட்டிலைத் திறப்பார்கள். கதையைக் கீழ்வரைக்கும் படிப்பார்கள். அப்படியே போய்விடுவார்கள். பொத்தானைத் தொடுவதில்லை. எனக்குத் தூக்கம் கெட்டது. பொத்தானின் நிறத்தை மாற்றினேன், இடத்தை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

காரணத்தைச் சொன்னவர், கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய். அவர் தன் தகப்பனாரின் கட்டிலை அக்காவிடம் கொடுத்திருந்தார். நான் ரொட்டிக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் வந்து, மெதுவாக, "தங்கச்சி, தர்மந்தான் பண்றீங்க. ஆனா சாவுக்கு கணக்கு எழுதி வச்ச மாதிரி இருக்கே" என்றார். ஏழாம் எண் கட்டிலின் பக்கத்தைத் திறந்து காட்டினார். நாலு வீடு. மூன்று "இறந்தார்". கட்டில் கேட்டு வருகிறவன் வீட்டில் ஒருவர் பிழைத்துக்கொள்வாரா மாட்டாரா என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. அவன் கண்ணுக்கு அது ஐந்தாவது வரி காலியாக இருக்கிற பட்டியல். எந்த மனைவி அதில் தன் புருஷனைக் கொண்டுபோய்ப் படுக்கவைப்பாள்?

தர்மம் செய்கிறவருக்குப் பெருமையாகத் தெரிந்த அதே வரி, தர்மம் வாங்குகிறவருக்கு எமனாகத் தெரிந்திருக்கிறது. நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கங்களை எடுக்கிறேன் என்றேன். எடுக்கக்கூடாது என்றார். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. உங்கள் சத்தியத்தைக் கட்டிக்கொண்டு நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், தரையில் கிடக்கிறவன் முதுகு அழுகிப் போகட்டுமா என்று கேட்டேன். பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை.

அக்கா என்னை உட்காரச் சொன்னார். அன்றைக்குத்தான் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். அவருக்குப் புற்று. எங்கிருந்தோ ஒரு கட்டில் கிடைத்தது, கொண்டுவந்தவர்கள் புத்தம் புதுசு என்றார்கள். மெத்தையைப் போடும்போது கம்பி இடுக்கில் இரண்டு கொண்டை ஊசி இருந்தது. "அவரு அத கையில வச்சிக்கிட்டு, யாருடி இவ, யாருடி இவன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல? நானா ஒரு கத சொல்லுவேன். அவரு ஒரு கத சொல்லுவாரு. சிரிப்போம். ஆனா போறதுக்கு முந்துன நாளுகூட, அந்த பொம்பள எழுந்து போனாளா, இல்ல தூக்கிட்டுப் போனாங்களான்னுதான் கேட்டாரு." அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. வழியவிட்டார். "அவரு கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா. என் கையால குடுக்கிற கட்டிலுக்காச்சும் பதில் இருக்கட்டும்."

பக்கத்தை எடுக்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை. பின்னால் ஒரு வழி கிடைத்தது, அது இன்றும் அந்த அகப்பக்கத்தில் இருக்கிறது. கட்டிலின் கதை முகத்தில் அடித்த மாதிரி நிற்காது. "இந்தக் கட்டிலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறோம்" என்று ஒரு வரி இருக்கும். கேட்டால் எல்லாம் சொல்லப்படும். கேட்காதவருக்குக் கட்டில் மட்டும் போகும். கேட்காதவருக்குச் சும்மா கொடுக்க அக்கா எப்படி ஒத்துக்கொண்டார் என்றால், அதற்குச் சபாக் என்கிற ஊருக்குப் போய்வந்ததுதான் காரணம்.

சபாக் பக்கத்திலிருந்து கிளினிக் தாதி ஒருத்தி அக்காவைக் கூப்பிட்டிருந்தாள். ஒரு லோரிக்காரர், ஸ்ட்ரோக் வந்து தரையில் கிடக்கிறார். முதுகில் புண் வைத்துவிட்டது. கட்டிலில் ஏற்றி, காற்று மெத்தை போட்டு, நிமிர்த்தி உட்காரவைக்காவிட்டால் ஆள் நிலைக்கமாட்டார். ஆனால் அவர் மனைவி கட்டில் வேண்டாம் என்கிறாள். அகப்பக்கத்தைப் பார்த்துவிட்டாளாம். நீங்கள் வந்து ஒரு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டாள்.

எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. வாருங்கள், உங்கள் உண்மை என்ன செய்கிறதென்று நேரிலேயே பாருங்கள் என்று நினைத்துக்கொண்டு நானும் வேனில் ஏறினேன். அக்கா ஏழாம் எண் கட்டிலையே கழற்றி ஏற்றியிருந்தார். புதுக் கட்டில் கிடக்கும்போது இதையேன் என்றேன். அந்தப் புதுக் கட்டில் தலைமாட்டை எவ்வளவு சுற்றினாலும் பாதிக்கு மேல் எழும்பாது, இது நேராக உட்காரவைக்கும் என்றார்.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடு. அந்த அம்மாளுக்கு என் அம்மா வயதுகூட இருக்காது. மரியாதையாக உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தார். கட்டில் என்றதும் முகம் இறுகிவிட்டது. "கோவிச்சுக்காதீங்கக்கா. மூணு பேரு செத்த கட்டில என் வீட்டுக்குள்ள ஏத்தமாட்டேன். எனக்கு இவர விட்டா யாருமில்ல." நான் அக்காவைப் பார்த்தேன். கேட்டுக்கொண்டீர்களா என்ற பார்வைதான்.

அக்கா மைலோவைக் குடித்து முடித்தார். பிறகு யாரிடமும் எதுவும் சொல்லாமல் கூடத்துக்குப் போய், சன்னலுக்குக் கீழே போட்டிருந்த மெத்தைக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தார். மெத்தையில் கிடந்த லோரிக்காரர் பெரிய உடம்புக்காரர். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நாங்கள் அவ்வளவு நேரம் அவரைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம், அவரிடம் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணே, ஒரு கட்டில் கொண்டாந்திருக்கேன். நாலு பேரு படுத்தது. மூணு பேரு தவறிட்டாங்க. ஒருத்தரு எழுந்து, இப்ப இடியப்பம் விக்கிறாரு. கருவாட்டு வாட கொஞ்சம் அடிக்கும். உங்களுக்கு வேணுமா?"

அந்த அம்மாள் பதறி, அவருக்கு அதெல்லாம் புரியாதுக்கா என்றார். அவர் கண்கள் கூரையிலிருந்து இறங்கி அக்காவிடம் வந்தன. வார்த்தை வர நேரமெடுத்தது. அக்கா அவசரப்படுத்தவில்லை.

"அதுல உக்காந்தா," என்றார், "சன்னல்ல... வெளிய தெரியுமா?"

"நல்லாத் தெரியும்ணே."

"ஏத்து."

மூன்று சாவு, நாலு சாவு என்று நாங்கள் சண்டை போட்டதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. எத்தனையோ மாதமாக அந்தச் சன்னலுக்குக் கீழே கிடந்து, அவர் பார்த்தது கண்ணாடித் தகடும் கொஞ்சம் வானமும்தான்.

ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தால் வெளுத்துப்போயிருந்தது. சன்னல் பக்கம் வேண்டாம், உள்ரூமில் போடுங்கள் என்றார். வெயில் அடிக்கும் என்றார். இந்தப் பக்கம் வெயில் வராதே என்றார் அக்கா. கொசு வரும் என்றார். வலைக்கம்பி அடித்திருக்கிறதே என்றார் அக்கா. கடைசியில் அந்த அம்மாள் எங்கள் இருவரையும் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

லோரியை அந்த அம்மாள் விற்றுவிட்டார். அதுதான் விஷயம். புருஷன் படுத்துவிட்ட பிறகு வீடு நடக்க வேண்டுமே. அவரிடம் சொல்லவில்லை. வாய் திறந்தால் "வண்டி?" என்றுதான் முதலில் கேட்பாராம். வெளியேதான் நிற்கிறது, தம்பி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் போடுகிறான் என்று சொல்லிச் சொல்லி இவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டு லோரி வருகிற சத்தம் கேட்டால், இதோ வந்துவிட்டது பாருங்கள் என்பாராம். தரையில் கிடக்கிற வரைக்கும் அது செல்லுபடியாகும். கட்டிலில் ஏற்றி நிமிர்த்தினால் முதலில் கண்ணில் படுவது காலியான வாசல். சாவுக் கட்டில் என்றது வாய்க்கு வந்த சாக்கு. எங்கள் அகப்பக்கம் அதை அவர் கையில் கொடுத்திருந்தது.

"அந்த வண்டிதான்க்கா அவருக்கு உசுரு. தெரிஞ்சா அப்பவே போயிடுவாரு."

அக்கா வழக்கம்போல எல்லாவற்றையும் கொட்டிவிடுவார் என்று பயந்தேன். அவர் வாயில் எதுதான் நின்றிருக்கிறது? அந்த அம்மாளும் அதே பயத்தோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விழுங்குவதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நான் சொல்லமாட்டேன் தங்கச்சி. அது என் வீட்டுக் கத இல்ல. நீ சொல்லு, சொல்லாம இரு, உன் இஷ்டம். ஆனா கட்டிலு சன்னல் பக்கந்தான் போடுவேன். அவரு கேட்டுட்டாரு."

அந்த அம்மாள் வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தானே போய்ப் பக்கத்து வீட்டு ஆண்களைக் கூட்டிவந்தார். கட்டிலைப் பூட்டினோம். காற்று மெத்தைக்குப் பம்பு போட்டோம். நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிப் படுக்கவைத்தபோது அவர் முனகியது இன்னும் என் காதில் இருக்கிறது. முதுகைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா பார்த்து, துடைத்து, துணி வைத்தார். கைப்பிடியைச் சுற்றப் போன அக்காவை விலக்கிவிட்டு, அந்த அம்மாளே கால்மாட்டில் குனிந்து சுற்ற ஆரம்பித்தார்.

தலைமாடு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. அவர் முகம் சன்னலின் அடிக்கட்டைக்கு வந்தது, அதைத் தாண்டியது. அந்த அம்மாள் நிமிராமல் சுற்றிக்கொண்டே இருந்தார். இதற்கு மேல் சுற்ற முடியாது என்று கைப்பிடி நின்ற பிறகும் குனிந்தே இருந்தார்.

வெளியே சிமெண்டுத் தரையில் எண்ணெய் சொட்டிக் கறுத்த இடம் தெரிந்தது. வேறொன்றும் இல்லை. அவர் அதைப் பார்த்தார். இந்த மனிதர் கண்ணெதிரே போய்விட்டால் அதை எந்தக் கட்டிலின் கதையில் எழுதுவது என்றுகூட என் புத்தி ஓடியது.

"வித்துட்டியா?"

அந்த அம்மாளிடமிருந்து "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"யாருக்கு?"

"தஞ்சோங் காராங்ல... காய்கறி ஏத்துறவருக்கு."

அவர் திரும்பவும் வாசலைப் பார்த்தார். அவருக்கு இது புதிய செய்தி மாதிரியே தெரியவில்லை. அத்தனை வருஷம் ஓட்டியவருக்குத் தன் வண்டிச் சத்தமும் பக்கத்து வீட்டு வண்டிச் சத்தமும் வேறுபடாதா என்ன? ஒருவேளை அவரும் இத்தனை நாள் அந்த அம்மாளுக்காக நம்பிக்கொண்டிருந்தாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

"பிரேக்கு புடிச்சா," என்றார், ஒவ்வொரு சொல்லாக, "இடது பக்கம் இழுக்கும். மழையில ரொம்ப. சொன்னியா?"

"எனக்குத் தெரியாதுங்களே."

"புள்ளகுட்டிக்காரனா இருப்பான். போன் போடு."

அந்த அம்மாள் அழுதுகொண்டே எண்ணைத் தேடி அழுத்தி, போனை அவர் காதோரம் பிடித்தார். மறுமுனையில் யாரோ யாரு, யாரு என்று கேட்பது எங்களுக்கே கேட்டது. அவர் இழுத்துக்கொண்ட வாயை ஒழுங்குபடுத்தி, மூச்சைச் சேர்த்து, தன் பெயரைச் சொன்னார். பிரேக்கைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம். அவர் அந்த லோரியை முதன்முதலில் யாரிடமிருந்து வாங்கினார் என்பதிலிருந்து ஆரம்பித்தார்.